நாலு கம்பமும் ஒரு கையெழுத்தும்

நம் ஊர்த் தபால்தலையில் பசை என்று ஒன்று இருக்கும், ஆனால் ஒட்டாது. அன்றைக்கு நூற்றிருபது உறைகளுக்கும் சோற்றுப் பருக்கையை நசுக்கித்தான் ஒட்டினேன். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே அண்ணன் உட்கார்ந்து பத்திரிகைகளை மடித்துக்கொண்டிருந்தார். "அங்கெல்லாம் துளி தண்ணி காட்டுனாப் போதும் அம்மணி, ஒட்டிக்கும்" என்றார். கனடாவிலிருந்து வந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த 'அங்கெல்லாம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பதினான்கு வருடம் கனடாவில் இன்ஜினியராக இருந்துவிட்டு, இனி இங்கேதான் என்று முடிவெடுத்து வந்திருந்தார். பெரியநாயக்கன்பாளையத்துக்கு உள்ளே அப்பா விட்டுப்போன நிலத்தில் பம்புக்கான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அது ஓடத் தொடங்கியதும் அண்ணியும் குழந்தைகளும் வருவார்கள் என்பது ஏற்பாடு. அதுவரை எனக்குத் தினமும் பாடம்தான். அங்கே ஒன்பது மணி பஸ் என்றால் ஒன்பது மணிக்கு வரும். டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்தால் அந்த வாரமே மணி அடிக்கும். கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்றால் நாளைக்கு வருவார். எல்லாம் உண்மைதான், எரிச்சலே அதனால்தான். நானும் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காய்ந்தவள்தானே. ஒரே ஒருநாள் மட்டும் வாய்தவறி வேறு மாதிரிச் சொன்னார். அங்கே காய்ச்சலில் நான்கு நாள் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாதாம். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்கு அவர் இங்கேயே இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காலையில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடிக் கணக்கு நடத்தி, மத்தியானம் மறுபடி ஓடிவந்து பார்க்கிற பிழைப்பு. கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கட்டிலைப் பார்த்ததும் காப்பியைக் குடித்ததோடு எழுந்துபோனார்கள். அண்ணன் குடும்பம் வந்துவிட்டால் நான் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்தத் தொழிற்சாலை ஓட வேண்டும் என்று அவரைவிட நான்தான் தவித்தேன்.

ரோட்டிலிருந்து எங்கள் நிலத்துக்கு மின்சாரம் வரவேண்டுமானால் மேற்குத் தோட்டத்தில் நாலு கம்பம் நட்டாக வேண்டும். அந்தத் தோட்டம் அப்பாவின் பங்காளியுடையது. எங்களுக்குச் சித்தப்பா முறை. வந்த வாரமே அண்ணன் அவரை வழியில் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். "தம்பி தொழில் வெக்கறதுக்கு நான் குறுக்க நிப்பனுங்களா?" என்று அவரும் சிரித்தாராம். அதோடு அந்தக் கவலை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகுதான் பூமி பூஜைக்குப் பத்திரிகை அடித்தோம். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து வீட்டு ஆள் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். தபாலில் போட்டால், வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று சொன்ன மாதிரி. இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. அந்தச் சித்தப்பாவின் பேரன் கல்யாணப் பத்திரிகைகூடப் போன வருடம் அப்படித்தான் வந்தது. யாருக்கும் கோபம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது. ஆனால் அன்றைய நிலவரம் எனக்கு நன்றாகவே தெரியும். அம்மா படுத்தபடியே, "பங்காளி ஊட்டுக்காச்சும் நேர்ல போயிட்டு வாங்க" என்று குழறிச் சொன்னாள். அங்கெல்லாம் கல்யாணத்துக்கே தபாலில்தான் அழைப்பு என்றார் அண்ணன். நான் அம்மா பக்கம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நூற்றிருபது வீடு ஏறி, நூற்றிருபது காப்பி குடித்து, அத்தனை பேரிடமும் உனக்கு எப்போ கல்யாணம் என்ற கேள்வியை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. தப்பித்தோம்டா சாமி என்றுதான் பருக்கையை நசுக்கினேன்.

பூஜைக்கு வந்தது பதினோரு பேர், கொத்தனாரையும் ஐயரையும் சேர்த்து. வாடகை நாற்காலிகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்தன. சித்தப்பா தன் தோட்டத்தில் நின்று மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஷெட் எழும்பியது, லேத்து மெஷின்கள் வந்து இறங்கின. மின்சார அலுவலகத்தில் இழுத்தடிப்பார்கள் என்று பயந்து அண்ணன் ஒரு ஃபைலைத் தடிமனாகத் தயார் செய்துகொண்டு போனார். அங்கிருந்த அதிகாரியோ, எங்கள் பக்கம் எல்லாம் தயார், தோட்டத்துக்காரர் சம்மதக் கடிதம் ஒன்றுதான் பாக்கி என்று சொல்லிவிட்டார். அரசாங்கத்தைத் திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தோம், ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அண்ணன் கடிதத்தை மூன்று பிரதி டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனார்.

சந்தோஷமாகத் திரும்பி வந்தார். "பாக்கலாமுங்க தம்பி" என்று சொன்னாராம், இளநீர் வெட்டிக் கொடுத்தாராம். அடுத்த முறை, அமாவாசை கழியட்டும். அதற்கடுத்த முறை, கண்ணாடி உடைந்துபோச்சு. ஒருமுறை ஒரு தார் வாழைப்பழத்தையே வண்டியில் ஏற்றிவிட்டார். எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், பழம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது தடவையே எனக்கு விளங்கிவிட்டது. தபாலில் பத்திரிகை அனுப்பினதுக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு வாங்கண்ணா என்றேன். எதற்கு என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிப்போடலாமல்ல? நான் வேற வழி பாத்துக்குவேன். சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தனை ஒரு வருசமா நடக்க உடறதுக்குப் பேரு மரியாதையா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

நீயாவது போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போகவில்லை. வயசான மனுஷனுக்கு ஒரு தபால்தலைக்காக இத்தனை வீம்பா என்று எனக்கும் ஏறிப்போயிருந்தது. அண்ணன்மீதும் கோபம், சொன்னால் கேட்கிற ஆளா, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எதற்குக் கெஞ்ச வேண்டும்?

ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தொழில் செய்ய முடியும்? சொன்ன தேதிக்குச் சரக்குக் கொடுக்க முடியவில்லை. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். குழந்தைகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று அங்கிருந்து அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அண்ணன் மெஷின்களைப் பீளமேட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கிளம்புகிற அன்று அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, விழுந்த கையையே பிடித்துக்கொண்டிருந்தார். எந்த நாட்டையும் எந்த நாட்டோடும் அன்று ஒப்பிடவில்லை. கார் திரும்பியதும் நான் உள்ளே வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் சித்தப்பா இரண்டு பஸ் மாறி வீடு தேடி வந்தார். மகளுக்குக் கல்யாணம். தட்டில் பூ, பழம், வெற்றிலை, பத்திரிகை எல்லாம் வைத்து, அம்மாவின் கட்டிலருகே நின்று முறையாகக் கொடுத்தார். தம்பி வரவில்லையா என்று விசாரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி வாசலில் வீசியிருப்பேன். அதற்குப் பதிலாக, எங்கள் ஊரில் யாரும் கேட்காத மாதிரி நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏனுங் சித்தப்பா, அந்தக் கடுதாசில ஏனுங்க கையெழுத்துப் போடாம உட்டீங்க?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "என்னைய ஆரும் கேக்கவே இல்லீங்களே அம்மணி. தம்பி காயிதத்தையல்ல நீட்டுனாரு."

"நாங் கேட்டாப் போடுவீங்களா?"

"அதுக்கென்னங்க கண்ணு, கொண்டாங்க."

பீரோவில் அண்ணன் விட்டுப்போன ஃபைல் அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். கண்ணாடிகூடப் போடவில்லை. பென்சில் புள்ளி வைத்த இடத்தில், மூன்று பிரதியிலும், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு காப்பி குடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்குக்கடை டெலிபோன் பூத்திலிருந்து கனடாவுக்குப் போன் போட்டேன். அண்ணன் பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்ந்திருந்தார். குழந்தைகளுக்கும் அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றேன்.

"ஆரு போயிக் கேட்டாங்க?" என்றார்.

"நாந்தானுங்கண்ணா கேட்டேன்."

"இதை முன்னாலயே கேட்டிருக்கலாமே அம்மணி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.