டிரங்குப் பெட்டியில் என் முடி

எழுபதுகளின் தொடக்கம். குழந்தை பெற்ற நான்காம் மாதம் எனக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. மொட்டையாகிவிடுவேன் என்று தினமும் அழுதேன்.

ஒருநாள் நான் அக்கா என்றழைக்கும் மூத்த ஓரகத்தியின் டிரங்குப் பெட்டியில், பட்டு நூலால் கட்டிய பொட்டலங்களில் என் முடி! செய்வினை வைக்கிறாள் என்று எங்கள் நெசவாளர் பேட்டை பிள்ளையார்பாளையமே கேட்கக் கத்தினேன்.

"இன்னாம்மா சொல்றே?" அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "லேடி டாக்டருதான் தினம் கொட்டறதை எண்ணிக்கினு வரச் சொன்னாங்க. சொன்னா நீ பயந்துக்குவேன்னு நானே எண்ணினேன். குறைஞ்சிக்கினே வருதும்மா."

பொட்டலங்களின் மேல் எண்கள் இருந்தன. முதலில் இருநூற்றுப் பத்து, நேற்று எழுபது. தறியில் பாவு இழைகளை எண்ணிப் பழகிய விரல்கள்.

மறுநாள் தலை வாரியதும் உதிர்ந்த முடியோடு சீப்பை நானே அக்காவிடம் நீட்டினேன். வாங்கி எண்ண உட்கார்ந்தார். பெற்றவள்கூட எனக்காக அப்படி எண்ணியிருக்க மாட்டாள்.