பூட்டின வீடும் ஏழு மீனும்

ஊருக்குப் போகிறவர்கள் துணிமணியைப் பெட்டியில் அடைத்து எடுத்துக்கொண்டு, கவலையை மட்டும் சாவியோடு சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூட்டின வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை என்பது அதுதான்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் நாலு வீட்டுச் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. அதில் பெரியது ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுச் சாவி. ஒரு தப்பு நடந்தால் அது போகும். அதைப் பார்த்து மற்ற மூணும் போகும். அடுத்த வீட்டுச் சாவியை ஒரு நாளாவது வைத்திருந்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

பட்டப்பகல் விளக்கு

முதல் தடவை வாத்தியார் சாரும் அவர் வீட்டு அம்மாவும் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனார்கள். வாசல் விளக்கைப் போட்டுவிட்டே கிளம்பினார்கள். வீட்டில் ஆள் இருக்கிறதாகத் திருடன் நினைக்க வேண்டுமாம். அணைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ராவும் பகலும் எரிந்தது. பால்காரர் அதைப் பார்த்துத்தான் "சார் ஊர்ல இல்லியா?" என்று கேட்டார்.

அவர்கள் திரும்பி வந்ததும் சொன்னேன். "சார், மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லைட்டு எரியிற வூடு தெருவுலயே உங்களுது ஒண்ணுதான். ஆள் இல்லன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்குது."

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவ்ளோ யோசிக்கிறவன் திருட வரமாட்டான் மேரி. என்னை மாதிரி வாத்தியார் வேலைக்குப் போயிருப்பான்."

கொட்ட மனசு வேண்டும்

அதே பத்து நாளும் ஃபிரிட்ஜ் ஓடியது. உள்ளே இட்லி மாவு, புளிக்குழம்பு, ரெண்டு கட்டுக் கீரை, ஒரு கிண்ணம் தயிர். இதைக் காப்பாற்றத்தான் அத்தனை கரண்ட். வந்த அன்றைக்கே அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். கீரை கீரையாகவே இல்லை. குப்பை வண்டி வரும் வரைக்கும் நானும் வாளியோடு நின்றேன்.

"போறப்பவே குடுத்திருந்தா நாலு பேரு சாப்பிட்டிருப்பாங்களேம்மா" என்றேன்.

"நல்லா இருக்கறத வெளிய தள்ள மனசு வருதா மேரி? பத்து நாளு உள்ள வச்சாத்தான் வருது."

இஸ்திரிப் பெட்டி

வெயில் தாங்காமல் அடுத்த பயணம் கல்வராயன் மலைக்கு, நாலு நாள். இந்தத் தடவை என் பேச்சுக்கு மரியாதை கிடைத்தது. வாசல் விளக்கு அணைந்தது. குழம்பும் மாவும் ரெண்டு தூக்கில் என் வீட்டுக்கு வந்தன. கதவைப் பூட்டிக் கையசைத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் அதே கார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறப் போகிற சமயத்தில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒயரைச் சுற்றிக்கொண்டு அலமாரியில் சமர்த்தாக இருக்கிறது. போக வர எரித்த பெட்ரோலில் ஊர்த் துணியையே தேய்த்திருக்கலாம்.

"எனக்கு ஒரு போன் போட்டா பாத்துச் சொல்லியிருப்பனே."

"நீ பாத்தா உனக்குத்தான் நிம்மதி. எனக்கு நான்தான பாக்கணும்?"

கரண்டி

மறுபடியும் பாதி வழியில் அவர்கள் திரும்பி வரக்கூடாது என்று, கார் இரண்டாம் தடவை கிளம்பிப் போனதும் உள்ளே போய் மெயினையே இறக்கிவிட்டேன். டிவி, தண்ணி சுத்தம் பண்ணுகிற பெட்டி என்று மூலைக்கு மூலை முழித்துக்கொண்டிருந்த சிவப்புப் பொட்டு விளக்கெல்லாம் ஒரேயடியாகக் கண்ணை மூடின. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் கூடத்து மீன்தொட்டியைப் பார்த்தேன். பொங்கலுக்கு வந்த பேத்தி ஏழு மீனை எண்ணித் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். தொட்டியில் காற்றுக் குமிழ் விடுகிற மோட்டார் ஓடவில்லை. ஏழும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

ஓடிப்போய் மெயினை ஏற்றினேன். விளக்கு வரவில்லை. மாதாந்திரப் பராமரிப்பாம், தெருவுக்கே சாயந்தரம் வரை கரண்ட் இல்லை. ஏழையும் அண்டாவில் ஏந்தி என் வீட்டு நிழலில் வைத்து, காற்று சேரட்டும் என்று குழம்புக் கரண்டியால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே உட்கார்ந்தேன். கை மரத்துப்போனது.

வெளியே இருந்து வந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மீன உசுரோட வச்சிக்கினு கரண்டி போட்டுக் கிளறுறவள இப்பத்தான்டி பாக்கிறேன். புளி எப்ப கரைக்கப் போற?"

எண்ணிக்கை

கரண்ட் வந்த பிறகும் திருப்பி விடப் பயமாக இருந்தது. நாலாம் நாள் காலையில்தான் அண்டாவை அப்படியே தொட்டியில் சாய்த்தேன். ஏழும் நீந்தின. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

சார் வந்து கை கால் கழுவினதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஏழு உட்டுட்டுப் போனேன். பதினாறு இருக்குது. இன்னா பண்ண மேரி?"

குறைந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கூடினதற்கு என்னத்தைச் சொல்ல? மெயினை இறக்கியதிலிருந்து கரண்டி வரைக்கும் சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

சார் மூணாவது தடவையாக எண்ண ஆரம்பித்தார். அம்மாதான் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, கடுகு மாதிரி ஓடுகிற குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாங்க வூட்ல இருந்தப்ப அதுங்க ஒரு குஞ்சு போடல. சாவிய எடுத்துக்கோ. அடுத்த தடவ தொட்டியையும் தூக்கிக்கினு போ."

இப்போது சார் ஊருக்குப் போனால் அந்த வீட்டில் ஒரு சிவப்புப் பொட்டுகூட எரிவதில்லை, மீன்தொட்டி மோட்டார் மட்டும் என் வீட்டுக் கரண்டில் ராவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.