ப்ராக்ஸி வழியே போன மழை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீடு ஒரு சாயங்காலம் சிங்கப்பூரில் இருந்தது. நம்பாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? லேப்டாப்பில் அப்படித்தான் காட்டியது.

காட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. நாவலூரில் ஒரு பெரிய கம்பெனியில், மற்றவர்களின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் ஓடிப்போய்ச் சரிசெய்கிற வேலை அவருக்கு. மாமல்லபுரத்தில் எங்கள் தெருவுக்கு அவர்தான் விஞ்ஞானி. கல்பாக்கத்து நிஜ விஞ்ஞானிகள் பஸ்ஸில் போய்வருவதைத் தினமும் பார்க்கிற ஊர்தான் எங்களுடையது. ஆனாலும் டிவி ரிமோட் கெட்டுப்போனால் மாமாவைத்தான் தேடுவார்கள்.

அப்பா வளைகுடாவுக்குப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தெருவே திரண்டு வந்து, மாலை போட்டு வேனில் ஏற்றி அனுப்பியது. அவர் போன பிறகு பிறந்த என் தம்பிக்கு ஐந்து மாதம். அவனை அப்பா இன்னும் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் போன் வரும். நம்பர் திரையில் தெரியாது, கம்பெனி போன் என்பார். வீடியோவில் வரச்சொன்னால், "இங்க அத்தெல்லாம் தடை பண்ணிக்கீறாங்கம்மா" என்பார். அந்த நாட்டில் அப்படி ஒரு தடை இருந்ததென்னவோ உண்மைதான்.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஐப்பசி ஞாயிறு, மாமா செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல கீறவன் கம்ப்யூட்டரையெல்லாம் பாத்துகினு கீறியே, எம்புள்ள மூஞ்சிய அவருக்குக் காட்ட ஒரு வழி இல்லியாடா?"

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவ்ளோதானே? ப்ராக்ஸி போட்டா முடிஞ்சுதுக்கா."

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். ஏதோ சாமியின் பெயர் மாதிரி இருந்தது. என் முழியைப் பார்த்து மாமா விளக்கினார். "ரேஷன் கடைக்கு நம்மால போவமுடிலன்னா இன்னா பண்றோம்? எதுர்வூட்டு அக்கா கைல கார்டைக் குடுத்து வுட்றோம்ல? அவங்க நமக்காக வாங்கியாந்து குடுக்கறாங்கல்ல? அதுமாரி வெளிநாட்ல ஒரு மிஷின் கீது. நம்ம நேராப் போனா கேட்லயே நிறுத்திருவான். அது போயி நமக்காகக் கேட்டு வாங்கியாரும்."

எங்களுக்காகக் கேட்க வெளிநாட்டில் ஒரு மிஷின்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதற்கு நாங்கள் யாரென்று தெரியுமா, சாப்பிட என்ன கொடுப்பார்கள் என்றெல்லாம் கேட்டேன். மாமா லேப்டாப்பில் செட்டிங்கைத் திறந்தார். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், பிறகு போர்ட் என்று சொல்லி எட்டு, பூஜ்யம், எட்டு, பூஜ்யம். வரைபடத்தைத் திறந்ததும் நீலப்பொட்டு கடலைத் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் உட்கார்ந்தது. நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நாம் சிங்கப்பூருக்கு வந்துவிட்டோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அம்மாவின் போனையும் மாமா விடவில்லை. வைஃபை பெயரை விரலால் அழுத்திப் பிடித்தார். உள்ளே ஒளிந்திருந்த ஒரு பட்டியல் விரிந்தது. ப்ராக்ஸி என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்ததை மாற்றி அதே எண்களைப் போட்டார். "மச்சான் போன்லயும் இதேமாரி போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்றார்.

வழக்கமான நேரத்துக்கு அப்பாவின் போன் வந்தது. மாமா அதைப் பிடுங்கிக்கொண்டு எண்களைச் சொல்ல மொட்டைமாடிக்குப் போனார். நாலு எண் சொல்ல நாற்பது நிமிடம் ஆயிற்று. இறங்கி வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "போட்டாச்சு. இப்ப வருவார்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். தம்பிக்குக் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. வெளிநாட்டு மிஷினின் கண்ணும் படக்கூடாது அல்லவா? வெளியே மழை பிடித்துக்கொண்டது. லேப்டாப் முன்னால் மூவரும் போட்டோவுக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தோம்.

திரை கறுத்து, கட்டம் கட்டமாகக் கலைந்து, கடைசியில் அப்பா வந்தார். இளைத்திருந்தார். அம்மா தம்பியைத் தூக்கிக் காட்டினாள். அப்பா திரையருகே விரலைக் கொண்டுவந்தார். எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

அப்போதுதான் அவர் பின்னாலிருந்த ஜன்னலைப் பார்த்தேன். அங்கேயும் மழை. எங்கள் ஜன்னலில் மின்னல் வெட்டியது. கண் சிமிட்டுவதற்குள் அப்பாவின் ஜன்னலிலும் வெட்டியது. பாலைவனத்தில்! நான் எழுந்து நின்று கத்தினேன்.

"அப்பா! எங்க மழ அங்க வந்துட்சு!"

அப்பா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்கவில்லை. மாமா தேவைக்கு மேல் சிரித்தார். "ஆமா பாப்பா, இந்த ப்ராக்ஸி ரொம்ப பவரு."

அம்மா சிரிக்கவில்லை. எங்கள் ஜன்னலைப் பார்த்தாள், அவருடையதைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். மாமா குனிந்து வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். லேப்டாப்புக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா தம்பியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலில் கேட்டாள்.

"கம்பெனி பஸ்ஸுக்கு ரொம்ப தூரம் நடக்கணுமா?"

"கொஞ்சம்" என்றார் அப்பா.

"நனைஞ்சுகினு போவாதீங்க. ஒரு கொடை வாங்கிக்குங்க."

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டார். அதோடு லைன் போய்விட்டது. அம்மா புடவையை மாற்றப் போனாள்.

சொன்ன வேலை அங்கே இல்லாமல் மூன்றாம் மாதமே அப்பா திரும்பிவிட்டிருந்ததும், மாலை போட்டு அனுப்பிய தெருவுக்குள் கால் வைக்க மனம் வராமல் மறைமலைநகரில் ஒரு ஃபாக்டரியில் சேர்ந்து, வீட்டிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் நாலு பேரோடு ஒரு அறையில் கிடந்ததும் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று அவர் போனில் யாரும் எந்த எண்ணும் போடவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அப்பாவே வந்தார். தெருவில் யாரோ ஃப்ளைட் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டதற்கு, அம்மா முந்திக்கொண்டு "காத்தால" என்றாள். அப்பாவின் ஒரு கையில் பை, இன்னொரு கையில் புத்தம்புதுக் கறுப்புக்குடை. அம்மா பையை விட்டுவிட்டுக் குடையைத்தான் முதலில் வாங்கி, ஈரம் சொட்டச் சொட்ட மார்போடு வைத்துக்கொண்டாள்.

நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: என் மாமா ப்ராக்ஸி போட்டதிலிருந்து பாலைவனத்தில் குடை விற்கிறார்கள்.