புத்தகத்தில் இல்லாத தக்காளி லாரி

எனக்கு எழுத வேண்டும் என்று ஆசை. படிப்பதில் அதைவிடப் பெரிய ஆசை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் கிடக்கும் நாவல் கையைப் பிடித்து இழுக்கும். இதை முடித்துவிட்டு எழுதலாம், அதையும் படித்துவிட்டு எழுதலாம். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்ததாம் கொக்கு. அந்தக் கொக்கு நான்தான். நாற்பது வயது நெருங்க நெருங்க, ஒரு கதைகூட எழுதாமல் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ராயக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறியதுமே புத்தகத்தைத் திறந்துவிடுவேன். கெலமங்கலத்தில் என் லைனிலேயே வேலை செய்யும் ஒரு பெண் ஏறுவாள். வீட்டில் பேசுவது கன்னடம், பள்ளியில் படித்ததும் கன்னடம். தமிழ் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். கெலமங்கலம் வரை நான் படித்ததை, ஓசூர் வருவதற்குள் அவளுக்குக் கதையாகச் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஆமேலே?" என்பாள். 'அப்புறம்?' என்பதற்கு அவள் வீட்டுச் சொல் அது.

ஒருநாள் புத்தகத்தை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனேன். முந்தின நாள் கதையில் ஒருத்தி கைக்குழந்தையோடு புருஷன் வீட்டை விட்டு வெளியேறி ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமேலே?"

வாய் சும்மா இருக்குமா? "ஒரு தக்காளி லாரி வந்துச்சு. டிரைவர் நிறுத்தி ஏத்திக்கிட்டாரு" என்று எடுத்துவிட்டேன். சூளகிரி தாண்டி லாரி பஞ்சர் ஆனது. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது, நானும் கேட்டுக்கொண்டேதான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த ஊரிலும் பிறக்காத குழந்தை. ஒரு நிமிஷம் முன்புதான் அதற்குக் காய்ச்சல் வரவைத்தேன். அதற்காக ஒருத்தி அழுகிறாள்!

மறுநாள் ஒழுங்காகப் படித்துவிட்டேன். புத்தகத்தில் அந்தப் பெண் பேசாமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அதைச் சொன்னால் இவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அது கெடக்குதுக்கா. லாரி என்னாச்சு? கொழந்தைக்கு ஜொரம் விட்டுச்சா?"

அதன்பின் தினமும் நான் அந்த லாரியை ஓட்ட வேண்டியதாயிற்று. அதுவும் ஏதோ ஒரு புத்தகத்தில் இருக்கிறது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், நானும் திருத்தவில்லை. நேற்று சொன்ன டிரைவரின் ஊர் இன்று மாறினால் பிடித்துவிடுவாள். மறந்து தொலைக்கக் கூடாதே என்று மதிய இடைவேளையில், கேன்டீன் மேஜையிலேயே எழுதி வைக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் படிப்பு, மதியம் எழுத்து என்று அதுவாக அமைந்துவிட்டது. இத்தனை வருஷம் இரண்டும் ஏன் அடித்துக்கொண்டன என்று எனக்கே புரியவில்லை.

குழந்தை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்த நாளில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னால முடியலக்கா. கடைசிப் பக்கத்தத் திருப்பிப் பாத்து, பொழைக்குமா பொழைக்காதான்னு இப்பவே சொல்லு."

புத்தகத்தை அவளிடம் நீட்ட மனம் வரவில்லை. பையிலிருந்து என் காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன். தமிழ் தெரியாவிட்டால் என்ன, பேனா மையும் அடித்தல் திருத்தலும் எந்த மொழிக்காரிக்கும் தெரியும்.

"இது நீ எழுதுனதாக்கா?"

"ஆமா. கடைசிப் பக்கம் இன்னும் எழுதல."

ஏமாற்றிவிட்டதாகக் கோபிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பிடின்னா அதப் பொழைக்க வெக்கறது உன் கையிலதான இருக்குது?" என்றாள். "வேற எதையாச்சும் படிச்சுக்கிட்டு உக்காந்துடாதக்கா. இன்னிக்கு மத்தியானமே எழுதிடு."

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்தேன்.