பத்தடிப் பாதைக்கு எழுதின காரணம்

1. ஆர்டர்

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அவர் பார்த்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வேலைக்குப் பேர் செயின்மேன். நிலம் அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பொம்பளைக்குப் போட வேறு பேர் முனிசிபல் ஆபீசில் இல்லை, என் ஆர்டரிலும் செயின்மேன் என்றே இருந்தது. நான் மூணாவது வரைக்கும் படித்தவள். எண்கள் எல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பிடித்தேன், என் முனை ஒருநாளும் நகர்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. மறுமுனையைப் பிடித்தவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் அந்தக் காலத்து இன்ஸ்பெக்‌ஷன் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

2. பதினொரு மணி

எண்பதுகளின் ஆரம்பம். செங்கம் ரோட்டுப் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்த ஒரு கொல்லையை வீட்டு மனையாகப் பிரிக்க ஒருவர் மனு போட்டார். அரிசி மண்டி வைத்திருந்தவர். மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். அந்தக் கொல்லைக்கு நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. எங்கள் தெருவில் ஆரம்பித்து, கொல்லையைத் தாண்டி, பின்னால் இருக்கிற ஓடையில் முடியும். ஓடை நெடுக வேலிகாத்தான் புதர். மண்டிக்காரர் கொடுத்த ப்ளானில் பாதை இல்லை. அது இருந்த இடத்தில் ஆறு மனை இருந்தது.

ஜனங்கள் நடக்கிற பாதை என்றால் அதைப் பத்தடி அகலத்துக்கு விட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் லே-அவுட்டுக்கு அப்ரூவல். யாரும் நடக்காத பாதை என்றால் மனை போட்டுக்கொள்ளலாம். அதைப் பார்க்கத்தான் டவுன் பிளானிங் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரை நாங்கள் டி.பி.ஐ. சார் என்போம். வந்தது பகல் பதினொரு மணிக்கு.

அரை மணி நேரம் நின்றோம். ஒரு ஆடு போனது.

"இன்னா சார், ஆடு போறதுக்கா பத்தடி உடணும்?" என்றார் மண்டிக்காரர்.

தெரு ஆம்பளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அந்தப் பக்கம் யாரும் போறதில்லைங்க. எங்களுக்கு அங்க இன்னா வேலை?" என்றார்கள். பொய் இல்லை. அவர்கள் போவது ஏரிக்கரைக்கு. பொம்பளைகள் தெருமுனையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

டி.பி.ஐ. சார் 'பயன்பாட்டில் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கையெழுத்துப் போடப் போனார். நான் சங்கிலியைக் கீழே வைத்தேன்.

"சார், விடியறதுக்கு முன்னாடி வந்து பாருங்க. பொழுது சாஞ்சப்புறமும் வந்து பாருங்க. எங்க தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் இதுலதான் போறோம்."

"எங்கம்மா போறீங்க?"

"ஓடைக்கு சார்."

"ஓடையில தண்ணியே இல்லையே?"

"தண்ணிய சொம்புல எடுத்துக்கினுதான் சார் போறோம்."

தெருமுனையில் குப்பம்மா 'பக்'கென்று சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. டி.பி.ஐ. சார் முகத்தைத் திருப்பி எங்கள் ஊர் மலையைப் பார்த்தார். எழுதினதை அடித்தார்.

3. காரணம்

ஆபீசுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னத ஃபைல்ல எப்படிம்மா எழுதறது? உங்க தெருவுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டியாச்சுன்னு நம்ம ரிஜிஸ்டரே சொல்லுது."

"கட்டினாங்க சார். கான்ட்ராக்டர் கதவு வெக்கலை."

"அதையும் எழுத முடியாது."

நல்ல மனுஷன். டீ வாங்கி வரச் சொன்னார். குடித்து முடித்துவிட்டு எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினார்: 'கிரிவலம் வரும் பக்தர்கள் உபயோகிக்கும் நடைபாதை.'

"மலை சுத்தறவங்க யாரும் அந்தப் பக்கம் வர்றதில்லையே சார்."

"இந்த ஊர்ல அதை எவனும் வேணாம்னு சொல்ல மாட்டான்மா."

ஒருத்தரும் சொல்லவில்லை. மண்டிக்காரர்கூட ஆறு மனையையும் விட்டார். பத்தடியை அளந்து கல் நட்டபோது ஒரு முனையில் நான்தான் நின்றேன்.

4. வெளிச்சம்

பக்தர்கள் பாதை என்று எழுதினால் வெளிச்சமும் கொடுக்க வேண்டுமாம். அப்ரூவலில் அப்படி ஒரு கண்டிஷன். மண்டிக்காரர் நான்கு கம்பம் நட்டு டியூப் லைட் போட்டார். கடைசி இரண்டு கம்பம் ஓடைக்கரையில். வேலிகாத்தான் புதர் கல்யாண வீடு மாதிரி தெரிந்தது. பாதை இருந்தது, போக முடியவில்லை. பொம்பளைகள் சாயங்காலத்தில் சாப்பாட்டைக் கம்மி பண்ணிக்கொண்டார்கள். நானும்தான்.

ஒரு வாரத்தில் ஓடைக்கரை லைட் இரண்டும் உடைந்தன. புதுசு போட்டார்கள். அதுவும் உடைந்தது. மண்டிக்காரர் மூன்றாவது தடவையும் மாட்டிவிட்டுப் புகார் கொடுத்தார். டி.பி.ஐ. சார் விசாரிக்க வந்தார், கூட நான்.

"குரங்குங்க சார். மலையிலேந்து எறங்கி வருதுங்க" என்றாள் குப்பம்மா.

"குரங்கு குறி பாத்துக் கல்லு உடுமா?"

"எங்க ஊர்க் குரங்கு உடும் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்றே?"

அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். குரங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. குப்பம்மாவைக் காட்டிக் கொடுக்கவும் வரவில்லை.

"சார், ஆடு மேய்க்கறவன்கூட வராத எடத்துக்குப் பக்தர் வர்றார்னு எழுதினீங்க. அதுக்கு வந்த லைட்டு சார் இது. உள்ளதை எழுதிடுங்க."

அங்கேயே, கம்பத்தடியில் நின்று, ஃபைலைத் தொடைமேல் வைத்து எழுதினார்: 'இப்பாதை தெருப் பெண்கள் இயற்கை உபாதைக்குச் செல்லும் வழி. ஓடைக்கரை விளக்குகள் இரண்டும் அகற்றப்பட வேண்டும்.'

ரிஜிஸ்டருக்கு விரோதமாக எழுதினார் என்று அவருக்கு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதி முடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனது. கம்பத்தடியில் எழுதின அன்றைக்குச் சாயங்காலமே லைட் இரண்டையும் கழற்றினார்கள், எங்களுக்கு இருட்டு கிடைத்துவிட்டது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். பாதையை அளக்கப் போகிற பிள்ளைகள் அது எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால், யார் எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்று கேளுங்கள். பொம்பளைகளைக் கேளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கிற வரைக்கும் நின்று, இன்னொரு தடவை கேளுங்கள்.