ஆர்டிஸ் அழாமல் பாடிய பாட்டு

ஆர்டிஸ் டொலஃப்சன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. சர்ச் பாடகர் குழுவிலும் இருந்தாள். வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் அப்படியொரு கனத்த குரல் வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லை. நான் பியானோ வாசிப்பவள். அவள் பாடியதெல்லாம் என் பக்கத்தில் நின்று பாடியதுதான்.

அவள் தம்பி லைல் தானியக் கிடங்கில் காவலுக்கு இருந்தான். கிடங்கு எரிந்தபோது ஓர்வில் ஸ்டென்சனின் மகன் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்துபோனான். லைலின் சிகரெட்தான் காரணம் என்று ஊர் முடிவுகட்டியது. மின்கம்பிக் கோளாறு என்று விசாரணைக்கு வந்தவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முடிவெட்டுகிறவர் காலிக் கடையில் உட்கார்ந்துகொண்டே, "இன்னைக்கு நேரமில்லப்பா" என்று அவனைத் திருப்பி அனுப்பினார். சர்ச்சில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஆர்டிஸும் உட்காரவில்லை, எங்களோடு நின்று பாடினாள். லைல் ஊரைவிட்டு ஃபார்கோ நகரத்துக்குப் போய், ஒரு வாடகை அறையில் மாரடைப்பில் செத்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் பள்ளிச் சமையலறையில் வழக்கம்போல் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் புதிதாக வந்த இசை ஆசிரியர் கெஸ்லர், சர்ச் இசை நிகழ்ச்சியில் தனியாகப் பாட, அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவரின் பாட்டை அவளுக்குக் கொடுத்தார். ஊர் விரட்டிவிட்ட ஒருவன் ஆற்றுக்கு அக்கரையில் பனியில் நின்று, ஒவ்வொரு வீட்டு ஜன்னலாக அடையாளம் சொல்லிப் பார்க்கிறான். உள்ளே விடச்சொல்லிக் கேட்கவில்லை. மேற்குக் கதவைச் சாத்துங்கள், காற்று வருகிறது என்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

ஒத்திகையில் கெஸ்லர் தலையைச் சொறிந்தார். "குரல் பிரமாதம், ஆர்டிஸ். ஆனா உணர்ச்சியே இல்லையே. அவன் நிலைமையில உங்கள வெச்சுப் பாருங்க."

"நான் அவன் நிலைமையில இல்லையே, சார். நான் ஜன்னலுக்கு உள்ள இருந்தவ."

அவர் ஊருக்குப் புதுசு, விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வெளியே வந்ததும், "கொஞ்சம் குரல் நடுங்கினாத்தான் என்னடி? ஜனங்களுக்குப் பிடிக்கும்" என்றேன்.

"பிடிக்கும்தான். நான் அழுதா அவங்களும் கண்ணைத் தொடச்சுட்டு கேக் சாப்பிடப் போயிடுவாங்க."

ஞாயிறு பிற்பகல் சபைக் கூடம் நிறைந்திருந்தது. கைகளைத் தொங்கவிட்டு நின்று பாடினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே குரல். நீல ஜன்னல், பூந்தொட்டி ஜன்னல், திரை போட்ட ஜன்னல் என்று ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். யாரையும் முறைக்கவில்லை. முன்வரிசையில் முடிவெட்டுகிறவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொல்லும் கடைசி வரியையும் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லி நிறுத்தினாள்.

யாரும் கைதட்டவில்லை. கெஸ்லர் மட்டும் தட்டத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அடுத்த பாட்டை வாசிக்க ஆரம்பித்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் சபைக் கூடத்துச் சமையலறையில் அவள் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஓர்வில் வந்து கோப்பையை நீட்டினார். தீ விபத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசியதே இல்லை.

"சூடா இருக்கா?"

"இருக்கு."

நின்றபடியே பாதி குடித்தார். "அவன எங்க பொதச்சிருக்க?"

"ஃபார்கோவுல. ரயில் பாதை ஓரமா."

"கல்லு வெச்சாச்சா?"

"இல்ல."

தலையாட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

மே மாதம், குளிரில் உறைந்திருந்த தரை இளகியதும், ஆர்டிஸும் அவரும் ஓர்வில்லின் பிக்கப் வண்டியில் ஃபார்கோ போய்க் கல்லை நட்டுவிட்டு வந்தார்கள்.

"வழியில என்னடி பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ரோடு மோசமா இருக்குன்னாரு. ஆமான்னேன்" என்றாள். பிறகு ரொட்டித் தட்டுகளை அடுப்பிலிருந்து எடுக்கப் போனாள்.