கண்ணுசாமி மறைத்த வலி

கண்ணுசாமியின் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஆறு சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது. வெடித்தால் நன்னிலத்திலிருந்து தஞ்சாவூர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அதைத் தாங்கும் இதயம்தான் என்று டாக்டர் லத்தீஃபா எழுதித் தர வேண்டியது மட்டுமே பாக்கி.

எப்படியாவது அதை வாங்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார் கண்ணுசாமி. அறுபத்தாறு வயது. பண்ணைக் கூலியாகப் பிறந்து, கொடி பிடித்து, அடிபட்டு, ஒன்றரை ஏக்கருக்குக் குத்தகைப் பதிவு வாங்கியவர். பண்ணையில் உடம்பு முடியவில்லை என்றவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அரிவாள் விரலைப் பிளந்தபோதும் 'ஒண்ணுமில்ல' என்றே சொல்லிப் பழகியவர்.

கதவோரம் நின்ற துரைராசு, இறந்துபோன மனைவி அம்சத்தின் தம்பி. எழுபத்திரண்டாம் வருஷம் கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தியபோது, முன்னால் நின்றது யார் யார் என்று பண்ணையில் போய்ச் சொன்னவர். கண்ணுசாமி நான்கு மாதம் சிறையில் கிடந்தார். அன்றிலிருந்து பேச்சில்லை. திருப்பூரிலிருக்கும் மகளுக்கு லீவு கிடைக்காததால், அவள் கெஞ்சி அனுப்பிய துணை இவர்.

"நடந்தா, படி ஏறினா நெஞ்சு வலிக்குதாங்க?" என்றார் டாக்டர்.

"இல்ல."

"மூச்சு வாங்குமா?"

"வரப்புல பொறந்தவம்மா நான். எனக்கென்ன மூச்சு வாங்கும்?"

ஈசிஜியிலும் எக்கோவிலும் குறை தெரியவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"பொய் சொல்றாரும்மா," என்றார் துரைராசு. "வாய்க்கால்லேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு தடவ குந்துறாரு, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு. நானே பாத்துருக்கேன்."

கண்ணுசாமி எழுந்துவிட்டார். "காட்டிக் குடுக்கறதே ஒனக்குப் பொழப்பாடா? அன்னிக்குப் பண்ணையில, இன்னிக்கு ஆஸ்பத்திரியிலயா?"

"ஆமா மச்சான். அன்னிக்கு என் வயித்துக்காகச் சொன்னேன், இன்னிக்கு ஒங்க வயித்துக்காகச் சொல்றேன். போதுமா?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு, டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் கண்ணுசாமியை நடக்க வைத்தார். மூன்றாவது நிமிடத்தில் திரையில் ஈசிஜி கோடுகள் சரிந்தன. "வலிக்குதா?" முகமெல்லாம் வியர்த்து ஒழுக, "இல்ல" என்றார் கண்ணுசாமி. டாக்டர் இயந்திரத்தை நிறுத்தினார்.

மறுநாள் ஆஞ்சியோவில் இரண்டு அடைப்புகள் தெரிந்தன.

"முதல்ல இதுக்கு ஸ்டென்ட் வைக்கணும். ஒன்றரை மாசமாவது மாத்திரை. அப்புறம்தான் வயித்துல கை வைக்க முடியும்."

"அதுக்குள்ள வெடிச்சா?"

"வெடிக்கலாம். பிரஷரக் கட்டுக்குள்ள வச்சாப் பயம் குறையும். வியாழக்கிழமையே அறுத்திருந்தா டேபிள்லயே இதயம் நின்னிருக்கும்."

கண்ணுசாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் காப்பாற்றியது அந்த வாயா? அப்படியென்றால் அந்த நான்கு மாதம் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. நன்றி வரவில்லை. ஆனால், முப்பத்தெட்டு வருடம் முழுசாக வைத்திருந்த வெறுப்பை இனி அப்படி வைத்திருக்க முடியாது என்பதுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கண்ணுசாமியிடம் நீட்டினாள். "சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும். இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"



"அம்சத்தோட தம்பி," என்றார் கண்ணுசாமி, துரைராசு பக்கம் திரும்பாமலே. "முழுப் பேரையும் எழுதச் சொல்லும்மா. கிறுக்கி வச்சிட்டு, நான் போடலேன்னு சொல்லிருவான்."